துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது?

(‘இன்றைய குடும்பத் தலைவிக்கு வீடு சுகமா? சுமையா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘சுமையே’ அணியில் பேசியது)

நெஞ்சுக்கு நெருக்கமான நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, வீட்டில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து ‘வீடு சுகமே’ என்று தெம்பாகப் பேசிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அரங்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் என் சகோதரிகளே!  (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய தம்பி அழகாகப் பேசினார். “அந்தக் காலத்துல அம்மி, ஆட்டுக்கல், உரல், விறகடுப்பு. இந்தக் காலத்துல மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், கேஸ். பட்டனைத் தட்டினா வேலை முடிஞ்சுது. அப்புறம் என்னம்மா சுமை?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, களைப்பாகி, தண்ணீர் குடித்தார். நடுவர் அவர்களே, அவர் குடித்த அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் பாருங்கள். மூடி தனியாக, பாட்டில் தனியாக வைத்தார். இப்போது மூடியிருக்கிறதே, யார் மூடினார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா மூடினார். அவர் எங்கள் அணி இல்லை. ‘சுகமே’ அணி! பேச்சு சுகம் என்கிறது, கை தானாகப் போய் மூடியைத் தேடுகிறது. (பலத்த கைதட்டல்)

மிக்ஸி வந்ததால் வேலை குறைந்ததாம். அம்மியில் அரைத்த காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு சட்னி. அதற்கு மேல் யாராவது கேட்டால், “வா, வந்து நீ அரை” என்று குழவியைக் கையில் கொடுத்துவிடுவாள் எங்கள் பாட்டி. இப்போது? மகளுக்குத் தேங்காய்ச் சட்னி. மகனுக்குக் காரச் சட்னி. அவருக்குக் கொலஸ்டிரால், தேங்காய் ஆகாது, அதனால் புதினா. மாமியாருக்குப் பல் இல்லை, இட்லியை ஊறவைக்கச் சாம்பார். மெஷின் ஒன்றுதான். அதைக் கழுவிக் கழுவி நான்கு தடவை ஓட்டுகிறவள் யார்?

வாஷிங் மெஷின் கதை இன்னும் நன்றாக இருக்கும். கையால் துவைத்த காலத்தில் ஒரு சட்டையை இரண்டு நாள் போட்டார்கள். மெஷின் வந்த பிறகு, மாலையில் அரைமணி நேரம் போட்ட டீ சர்ட்கூட அழுக்குக் கூடைக்கு வந்துவிடுகிறது. துவைத்து முடித்ததும் அது ‘கீ கீ’ என்று கத்தும். எங்கள் வீட்டில் ஐந்து பேர், பத்துக் காது. அந்தச் சத்தம் இரண்டே இரண்டு காதில்தான் விழும். அந்த இரண்டு காதும் இதோ இருக்கிறது. (சிரிப்பு)

ஒருநாள் எங்கள் வீட்டுக்காரரிடம், “ஏங்க, நான் குளிச்சிட்டு வந்திடறேன். குக்கர்ல மூணு விசில் வந்தா அடுப்பை அணைச்சிடுங்க” என்றேன். ஒரே ஒரு வேலை. அவர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவருக்குக் கீழே இருபது பேர் வேலை பார்க்கிறார்கள். தலையில் சோப்புப் போட்டிருக்கிறேன், கதவைத் தட்டுகிறார். “என்னங்க?” என்றேன். “ரெண்டு விசில் முழுசா வந்துது. மூணாவது பாதியில நின்னுடுச்சு. அதைக் கணக்குல சேர்க்கணுமா, வேண்டாமா?” என்கிறார். உத்தரவு எழுத்து மூலமாக வேண்டும் என்று கேட்காததுதான் பாக்கி! (சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் நான் இங்கே ‘சுமை’ என்று சொல்வது எதை? கையால் செய்கிற வேலையை இல்லை. கை வலித்தால் தைலம் தேய்த்துக்கொள்ளலாம். தலைக்குள்ளே இருக்கிறதே, அந்த ஞாபகச் சுமை, அதற்குத் தைலம் எந்தக் கடையிலும் கிடையாது.

எங்கள் வீடு முடிச்சூர்ப் பக்கம். நான் கல்லூரிக்குப் போகத் தாம்பரம் வந்து ரயில் பிடிக்க வேண்டும். காலையில் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருப்பேன். கண்ணகி கையில் சிலம்போடு நிற்கிறாள். எனக்குள்ளே ஒரு குரல்: கேஸ் புக் பண்ணியாச்சா? தண்ணீர் கேன் ரெண்டும் காலியா? மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை நாளையோடு தீர்ந்துவிடுமே? மகனுக்கு ஹால் டிக்கெட் ஜெராக்ஸ்? இது எதுவும் வேலையாகக் கண்ணுக்குத் தெரியாது. “சும்மாதானே உட்கார்ந்திருந்தே” என்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் நாங்கள் அதிகமாக வேலை பார்க்கிறோம், நடுவர் அவர்களே!

என் மகன் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு, படுக்கையில் படுத்துக்கொண்டு, “அம்மா, நாளைக்கு எரிமலை கொண்டு வரணும்” என்றான். சாதாரணமாகச் சொன்னான், ‘ரப்பர் கொண்டு வரணும்’ என்கிற மாதிரி. தெர்மோகோல் வேண்டும், சார்ட் பேப்பர் வேண்டும், சிவப்புப் பெயின்ட் வேண்டும். தெருமுனைக் கடை ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்! “இதையெல்லாம் காலையிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்று கத்தினார். யாரைப் பார்த்துக் கத்தினார்? மகனைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து! எரிமலை இருந்தது அவன் பள்ளிக்கூடத்தில். வெடித்தது என் தலையில். (பலத்த சிரிப்பு)

எதிரணித் தலைவர், நான் மதிக்கிற பெரியவர், வாசுகி அம்மையாரைப் பற்றிச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாராம். வள்ளுவர் கூப்பிட்டாராம். கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினாராம். வாளி அந்தரத்தில் நின்றதாம். “அப்படிப்பட்ட சுகமான இல்லறம்” என்று நெகிழ்ந்தார். ஐயா, எங்கள் தெருவில் கிணறு கிடையாது. எல்லாம் போர். மோட்டாரைப் போட்டுவிட்டு நிற்கும்போது அவர் கூப்பிட்டார் என்று ஓடினால் என்ன ஆகும்? மாடித் தொட்டி நிரம்பி, வழிந்து, கீழ் வீட்டில் காயப்போட்ட வடகத்தில் கொட்டும். கீழ் வீட்டு அம்மா மேலே வருவார். அதற்கப்புறம் அந்தரத்தில் நிற்பது நான்தான்!

வள்ளுவர் இல்லறவியலிலே விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரம் கொடுத்திருக்கிறார். ஒன்பதாவது அதிகாரம். பத்துக் குறள். அவர் மயிலாப்பூர்க்காரர் என்று சொல்வார்கள். அதனால் பத்துக் குறள் எழுத நேரம் கிடைத்தது. பெருங்களத்தூருக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருந்தால் ஒரு குறளுக்கு மேல் எழுதியிருக்க முடியாது! (சிரிப்பு) ஏன் சொல்கிறேன் தெரியுமா? எங்கள் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. தெற்கேயிருந்து பட்டணத்துக்கு வருகிற பஸ் எல்லாம் அதிகாலை நாலு, நாலரைக்குப் பெருங்களத்தூரில் நிற்கும். கல்யாணத்துக்கு வருகிறவர், கண் ஆபரேஷனுக்கு வருகிறவர், இன்டர்வியூவுக்கு வருகிறவர், விசா வாங்க வருகிறவர், எல்லாரும் இறங்குகிற இடம் அது. “இந்நேரத்துல டவுனுக்குப் போய் என்ன செய்ய? அண்ணன் வீட்டுல குளிச்சிட்டு, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போவோம்.” காபி மட்டும் குடித்துவிட்டுப் போனவர் என்று இதுவரைக்கும் ஒருவர்கூட இல்லை. ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் கொண்டு வருவார்கள். அதைச் சின்னவன் எட்டு மணிக்குள் முடித்துவிடுவான். வந்தவருக்கு நான் எட்டு மணிக்குள் பன்னிரண்டு தோசை முடித்திருப்பேன்.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள். எங்கள் மாமியாருக்கு வருத்தம். “இனிமே நம்ம சனம் யாரும் வராதோ என்னவோ” என்றார்கள். நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். (சிரிப்பு) நடந்தது என்ன? முன்னே எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களே வந்துவிடுவார்கள். இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து போன் வருகிறது: “அண்ணே, வண்டியை எடுத்துக்கிட்டு வர்றீகளா?” அண்ணன் வண்டியை எடுக்கப் போகிறார். அண்ணி அடுப்பைப் பற்றவைக்கிறாள். வருகிற விருந்தை நான் குறை சொல்லவில்லை. சொந்தம் இல்லாத வீடு என்ன வீடு? விருந்தோம்பல் என்று பேர் வாங்குகிறவர் ஒருவர், மாவு அரைக்கிறவர் இன்னொருவர் என்பதைத்தான் சொல்கிறேன்.

தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் மகளிர் பெட்டி இருக்கிறதே, அது ஓடுகிற சமையல்கட்டு! நடுவர் ஐயா அதற்குள் வந்திருக்க முடியாது. நான் சொல்கிறேன், கேளுங்கள். பக்கத்தில் வங்கி அதிகாரி உட்கார்ந்திருப்பார். கைப்பையைத் திறந்தால் முதலில் வெளியே வருவது முருங்கைக்கீரை. சானடோரியத்தில் ஆயத் தொடங்கினால் பழவந்தாங்கலில் ஒரு கட்டுக் கீரை முடிந்துவிடும். பூண்டு கொஞ்சம் பிடிவாதம். அது சைதாப்பேட்டை வரைக்கும் போகும். ஒருத்தி பூக் கட்டுவாள். ஒருத்தி பிள்ளைக்குப் போனில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருத்தி ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து மாம்பலம் வருகிறவரைக்கும் தூங்குவாள். அந்தத் தூக்கத்தை யாரும் கலைக்க மாட்டார்கள். நிற்க இடம் இல்லாவிட்டாலும், அவளைக் கொஞ்சம் நகரச் சொல்ல யாருக்கும் மனசு வராது. எல்லாருக்கும் தெரியும், அவள் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு எரிந்திருக்கும் என்று.

அடுத்த பெட்டியில் ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டு வருகிறார்கள். தப்பில்லை. அவர்களில் ஒருவராவது பீன்ஸ் நறுக்கிக்கொண்டு வந்ததை யாராவது பார்த்ததுண்டா? எதிரணித் தம்பி, நீங்கள் பார்த்தீர்களா? தலையைக் குனிகிறார். பதில் வந்துவிட்டது. (கைதட்டல்)

இது என் வீட்டுப் புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு கணக்குச் சொல்கிறேன். 2019இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஒரு நாளில் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் அன்றைக்குக் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்கள் 81 பேர். கைவைத்தவர்களில் பெண்ணுக்குச் சராசரி 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். சரி, உலகம் திருந்தும், காலம் மாறும் என்று காத்திருந்தோம். 2024இல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்ணுக்கு 289. பத்து நிமிடம் குறைந்துவிட்டது! ஆகா, ஆண்கள் கைகொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று சந்தோஷமாக அடுத்த பத்தியைப் பார்த்தேன். ஆணுக்கு 88. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! (பலத்த சிரிப்பு) மெஷின் நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தால், அதில் பங்கு கேட்டு முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள் பாருங்கள்.

பேராசிரியர் ஒருவர் எதிரணியில் குறுந்தொகை சொன்னார். 167ஆவது பாட்டு. கூடலூர் கிழார் பாடியது. நான் இருபத்தைந்து வருஷமாக வகுப்பில் நடத்துகிற பாட்டு. புதிதாகக் கல்யாணமான பெண், தயிரை விரலாலே பிசைகிறாள். அந்த விரலை உடுத்தியிருக்கிற புடவையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கிற புகை மை எழுதிய கண்ணில் படுகிறது. புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. “பார்த்தீர்களா, எவ்வளவு சுகம்!” என்றார் பேராசிரியர்.

ஐயா, அந்தப் பாட்டில் பேசுவது யார் என்று நீங்கள் சொல்லவில்லையே? செவிலித்தாய். மகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். பெண் பார்த்த பார்வை அது. அதனால்தான் முதலில் விரல் தெரிந்தது, துவைக்காத புடவை தெரிந்தது, புகை பட்ட கண் தெரிந்தது. பாராட்டு கடைசியில் வருகிறது. அந்தக் கணவனையே பாடச் சொல்லியிருந்தால் என்ன பாடியிருப்பான்? ‘இன்னிக்குக் குழம்பு நல்லாயிருந்துச்சு.’ முடிந்தது குறுந்தொகை! (சிரிப்பு, கைதட்டல்) அவனாவது வாயைத் திறந்து சொன்னான். எங்கள் வீட்டில் குறை சொல்லாவிட்டால் அதற்குப் பேர் பாராட்டு. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அது பத்மஸ்ரீ.

இப்போது நான் காய்ச்சலில் படுத்த கதையைச் சொல்ல வேண்டும். மூன்று நாள். எழுந்திருக்க முடியாது. எங்கள் வீட்டு மனிதர்கள் நல்லவர்கள். “நீ ரெஸ்ட் எடு, நாங்க பார்த்துக்கறோம்” என்றார்கள். கண்ணை மூடினேன். ஐந்து நிமிடம். “அம்மா, தூங்கறியா?” மகன். “இல்லப்பா, சொல்லு.” “துவரம்பருப்பு எந்த டப்பாவில இருக்கு?” “ஹார்லிக்ஸ் பாட்டில்ல.” போனான். பத்து நிமிடம். அவர் வந்தார். “மிளகாய்த்தூள்?” “காபித்தூள்னு எழுதின டப்பாவுல.” “அப்போ காபித்தூள்?” “போர்ன்விடா டப்பாவுல.” “போர்ன்விடா?” “வீட்டுல இல்லை, நாம யாரும் குடிக்கிறதில்லை.” அவர் அப்படியே நின்றுவிட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் குடியிருக்கிறார். இரவும் பகலும் நடமாடுகிறார். ஒரு அலமாரி முழுக்கப் பூட்டில்லாத ரகசியம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. (பலத்த சிரிப்பு)

தாய்மார்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தான்! டப்பாவின் மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. எது எங்கே என்கிற கணக்கு ஒரே ஒரு தலையில் இருக்கிறது. அந்தத் தலைக்குக் காய்ச்சல் வந்தால் குடும்பத்துக்கே ஞாபகம் போய்விடுகிறது. இது சுமை இல்லையா?

எங்கள் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60 என்று 2021இல் ஆக்கினார்கள். எங்கள் மாமியார் 78 வயதில்தான் சமையல்கட்டிலிருந்து ஓய்வு பெற்றார்கள், அதுவும் முட்டி ஒத்துழைக்கவில்லை என்பதால். இப்போது அவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் காலை நாலரை மணிக்குக் கட்டிலில் இருந்து குரல் வரும்: “ஏத்தா, பால் வந்துட்டா?” உடம்பு ஓய்வு பெற்றுவிட்டது. தலை இன்னும் பணியில் இருக்கிறது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, பாலை நான் பார்த்துக்கறேன், நீங்க தூங்குங்களேன்” என்றேன். “தூங்கத்தான் பாக்கேன். எப்படின்னு மறந்து போச்சு” என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்தான், மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். சொத்து யாருக்கு என்று வழக்கு. வீட்டைப் பார்த்துக்கொண்டதும் சம்பாத்தியத்துக்குச் சமம், அவளுக்கும் சரிபாதி உரிமை உண்டு என்று நீதிபதி சொன்னார். அவள் நிர்வாகி, சமையல்காரி, வீட்டு வைத்தியர், பொருளாதாரம் பார்க்கிறவள் என்றெல்லாம் அந்தத் தீர்ப்பிலே இருந்தது. இதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “அம்புட்டு வேலையும் நான் பார்த்தேனே, எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லலை?” என்றார்கள்.

“குடும்பத்தைச் சுமை என்று சொல்வதே பாவம், அது தமிழ்ப் பண்பாடு இல்லை” என்று எதிரணியில் ஒருவர் ஆவேசப்பட்டார். தமிழ்ப் பண்பாட்டில் சுமை கெட்ட வார்த்தை இல்லை, ஐயா. நம் ஊர்ப் பாதை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டு. தலைச்சுமையோடு போகிறவர்கள் பிறர் கை இல்லாமலே இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு. அதை யார் நினைவாக வைத்தார்கள் தெரியுமா? பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக. அவள் இறக்கி வைக்காமலே போய்விட்டாள், வருகிறவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். சுமப்பவருக்கு ஒரு கல்லாவது நட வேண்டும் என்று அந்த மனிதர்களுக்குத் தோன்றியிருக்கிறதே! சுமையே இல்லை என்று சொல்லிவிட்டால், கல் நட வேண்டிய வேலை மிச்சம். அதுதான் உங்கள் கட்சி. (நீண்ட கைதட்டல்)

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் முடிச்சூர்ப் பக்கம் மூழ்கியது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் எல்லாரும் மாடிக்கு ஓடினோம். அவர் டி.வி.யைத் தூக்கிக்கொண்டார். மகன் கிரிக்கெட் மட்டை. மாமியார் முருகன் படம். நான் கொண்டுபோனது சான்றிதழ்கள் வைத்த பை ஒன்று, இட்லி மாவுத் தூக்கு ஒன்று. “இந்த நேரத்துல மாவா?” என்று சிரித்தார் அவர். மறுநாள் மாடியில் எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். கரண்ட் இல்லாமல் டி.வி. சும்மா இருந்தது. மாவு சும்மா இருக்கவில்லை. நாளைக்கு எல்லாரும் என்ன சாப்பிடுவார்கள் என்கிற நினைப்பு வெள்ளத்திலும் எங்களை விடாது. அதைச் சுகம் என்று சொல்கிறவர்கள், ஒரு வாரம் அந்த நினைப்பை வாங்கி வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

இதில் எனக்கு உண்மையான கவலை ஒன்று இருக்கிறது, நடுவர் அவர்களே. நாங்கள் சுமந்தாகிவிட்டது. எங்களுக்கு முன்னால் மாமியார் சுமந்தாயிற்று. எங்கள் பெண்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. ஓர் இரவு, நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து நின்றாள். “அம்மா, எனக்குக் கல்யாணம் வேண்டாம்” என்றாள். எந்தத் தாய்க்கும் நெஞ்சு திக்கென்றுதானே இருக்கும்? “ஏம்மா, யாரையாவது...” என்று இழுத்தேன். “அதெல்லாம் இல்லை. நீ முழுசா ஒரு படம் உட்கார்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. உன்னை மாதிரி என்னால முடியாது. முடியாதுன்னு தெரிஞ்சே எதுக்கு அதுல போய் மாட்டிக்கணும்?” என்றாள். நான் ஊர் ஊராகப் போய் இல்லறத்தின் பெருமை பேசுகிறவள். என் வீட்டிலேயே ஒருத்தி என்னைப் பார்த்து இல்லறம் வேண்டாம் என்கிறாள். மேடையில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் குழாயைக்கூட மூடாமல் நின்றேன்.

“சரி, வந்து பார்க்கிறவங்களைப் பாரு, பிடிக்கலைன்னா வேண்டாம்” என்று சமாதானம் சொல்லி, ஒரு வரன் வந்தது. குரோம்பேட்டைக்காரர்கள். வந்தவர்களில் பையனுடைய மாமா, வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “பொண்ணு நல்லா சமைக்குமா?” இவள் காபித் தட்டை மேஜையில் வைத்தாள். மாமாவைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்துக் கேட்டாள்: “உங்க வீட்டுல துவரம்பருப்பு எந்த டப்பாவில இருக்கு?” (சிரிப்பு)

கூடமே அமைதி. எங்கள் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. மாமியார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். பையன் யோசிக்கவே இல்லை. “பழைய பிஸ்கட் டின்ல. மூடி ரொம்ப டைட்டு. ஸ்பூன் வெச்சு நெம்பணும்” என்றான். (பலத்த கைதட்டல்) அவன் அம்மா சிரித்துவிட்டு, “எனக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்போ ரெண்டு மாசம் இவன்தாங்க சமையல்” என்றார்.

உடனே சரி என்று சொல்லிவிட்டாளா? அது பழைய சினிமா. “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். இரவு படுக்கப் போகும்போது என்னிடம் வந்தாள். “அம்மா, டின்னுன்னு யார் வேணும்னாலும் ஊகிச்சுச் சொல்லிடலாம். மூடியை நெம்பணும்னு சொன்னாரே, அது திறந்து பார்த்தவனுக்குத்தானே தெரியும்?” என்றாள். ஆமாம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

நடுவர் மணியடித்துவிட்டார். அடியுங்கள் ஐயா, எனக்கு விசிலும் மணியும் பழக்கம்தான். நல்ல தீர்ப்பாக யோசித்துச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்காமல், உங்கள் வீட்டில் கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று இந்த மைக்கில் சொல்லுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் எதிரணிக்கே தீர்ப்பைக் கொடுத்துவிடுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். அம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், சரிபார்த்துவிடலாம்.  (நீண்ட கைதட்டல்)